வலது பக்கத்துக் குதிரை

லூசில் வயலெட்டின் இடுப்பு மூட்டு தேய்ந்து போயிருந்தது. அக்டோபரில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு குளிர்காலம் முழுக்க வாளி தூக்கக் கூடாது, பனிக்கட்டியில் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாளி தூக்காமல், பனிக்கட்டியில் கால் வைக்காமல் மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் குதிரை வளர்ப்பது எப்படி என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

ஜூன் முதல் வாரம் தீவனக் கடையின் அறிவிப்புப் பலகையில் அவள் கையால் எழுதிய சீட்டு ஏறியது. "ஸ்பட். வயது நான்கு. தாய் பெர்ஷரான் என்ற இழுவை ஜாதி, தகப்பன் சவாரிக் குதிரை. சாம்பல் நிறம், சாது. இழுவைச் சேணம் பூட்டப் பழகியவன், சின்ன மரம் இழுப்பான். முதுகில் இதுவரை யாரும் ஏறியதில்லை. பாதிப் படிப்புதான் முடிந்திருக்கிறது. நல்ல வீடு தேவை. எது நல்ல வீடு என்பதை நான்தான் முடிவு செய்வேன்."

ஸ்பட் என்றால் அங்கே உருளைக்கிழங்கு. கண்ணுக்கெட்டிய தூரம் வரை உருளைக்கிழங்கு விளையும் ஊரில் பிறந்த குட்டிக்கு அவள் கணவன் அர்மான்ட் வேறென்ன பேர் யோசித்திருக்கப் போகிறான். குட்டிக்கு ஆறு மாதம் ஆகும்போது அர்மான்ட் செத்துப்போனான். மூன்றரை வருடமாகக் குட்டியை வளர்த்து, கடிவாளம் மாட்டி, டயர் இழுக்கவிட்டு, பிறகு மரம் இழுக்கவிட்டுப் பழக்கியது லூசில்தான்.

சீட்டைப் பார்த்து வந்தவர்கள் பலவிதம். கல்யாணப் போட்டோவுக்குப் பின்னால் நிறுத்த ஒருத்தி கேட்டாள். தன் நூற்றுநாற்பது கிலோ உடம்பைச் சுமக்குமா என்று ஒருவன் கேட்டுவிட்டு, ஏறிப் பார்க்கவும் தயாரானான். எல்லோரையும் லூசில் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். நல்லவளாக வந்தவள் ஒருத்திதான். ஆஷ்லண்ட் பக்கம் காட்டில் குதிரை வைத்து மரம் இழுக்கும் ரீனெட் சிர்வா. முப்பத்தைந்து வயது, பேச்சு கோடாரி மாதிரி. ஸ்பட்டின் வாயைப் பார்த்தாள், குளம்பைப் பார்த்தாள். "நல்ல பையன். ஆனா எனக்கு ஒண்டி ஆள் ஆகாது. ஜோடி வேணும். ஜோடி கிடைச்சா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விட்டாள். லூசிலுக்குக் கோபம் வந்தது. குதிரையை வேண்டாம் என்று சொல்லும் உரிமை தனக்கு மட்டும்தான் என்று அவள் நினைத்திருந்தாள்.

சீட்டில் எழுதாமல் விட்ட ஒரு வரி உண்டு. டெல்பர்ட் ஹாஸ்கெல் வீட்டைத் தவிர எந்த வீடும் நல்ல வீடுதான்.

டெல்பர்ட் பக்கத்துப் பண்ணைக்காரன். அர்மான்ட் பாங்கர் ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று வாரம் கிடந்தபோது, "குதிரைகளை நான் பாத்துக்கறேன், நீ அவன் பக்கத்துல இரு" என்றான். பத்தொன்பது வயதான மின்னியையும் அவள் குட்டி ஸ்பட்டையும் அவனை நம்பித்தான் விட்டுப் போனாள். கடைசி நாள் சாயங்காலம் அர்மான்ட் கண்ணைத் திறந்து, "மின்னி எப்படி இருக்கா?" என்று கேட்டான். லூசில் வராந்தாவுக்குப் போய் டெல்பர்ட்டுக்கு போன் செய்தாள். "மின்னி நல்லா இருக்கா. நீ அவனைப் பாரு" என்றான். உள்ளே வந்து அதையே சொன்னாள். "மின்னி நல்லா இருக்கா." அர்மான்ட் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடினான். அப்புறம் திறக்கவில்லை.

மின்னியை ஏற்றிய லாரி அதற்கு இரண்டு நாள் முன்பே எல்லை தாண்டி கியூபெக்கில் இறைச்சிக் கூடத்துக்குப் போய்விட்டது. அடக்கம் முடிந்த அன்று, லூசில் வீட்டுப் பன்றித் தொடையைத் தட்டில் வைத்துத் தின்றுகொண்டே டெல்பர்ட் சொன்னான்: "முன்னங்கால் நொண்டி. சும்மா நின்னு தின்னுக்கிட்டிருந்துச்சு. உனக்கு ஒரு பாரத்தைக் குறைச்சுட்டேன், லூசில்." ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்கூட ஆட்டின் வீட்டில் உட்கார்ந்து இப்படிச் சாப்பிட்டிருக்காது.

குதிரையைத் தின்னக் கொடுத்தது ஒரு பாவம். அதைவிட அவளுக்குப் பொறுக்காதது வேறு. முப்பத்தெட்டு வருடம் பொய் சொல்லாமல் குடித்தனம் நடத்திய புருஷனிடம் அவள் கடைசியாகப் பேசிய மூன்று சொற்களையும் டெல்பர்ட் பொய்யாக்கிவிட்டான். ஆறிவிடும் என்று பாதிரியார் சொன்னார். ஆறவில்லை. ஆறவேண்டும் என்று அவள் ஆசைப்படவும் இல்லை.

இப்போது டெல்பர்ட்டுக்கு ஸ்பட் வேண்டும். ஆகஸ்ட் திருவிழாவின் குதிரை இழுவைப் போட்டியில், குறைந்த எடைப் பிரிவில், பல வருடமாக முதல் பரிசான நீல ரிப்பன் அவன் ஜோடிக்குத்தான். மே மாதம் ஜோடியில் ஒன்று வயிற்றுவலி வந்து செத்துப்போனது. மிஞ்சியது டியூக். அந்த டியூக்கும் மின்னி பெற்ற பிள்ளை, ஸ்பட்டுக்கு ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த அண்ணன். நட்பாக இருந்த நாளில் அர்மான்ட் அவனுக்கு விற்றது. அதே உயரம், அதே நிறம், அதே நடை. ஜோடி ஓட்டுகிறவர்கள் இப்படி ஒன்றுக்காக மூன்று மாவட்டம் அலைவார்கள். இவனுக்கோ வேலிக்கு அந்தப் பக்கமே நிற்கிறது. கேட்டால் கிடைக்காது என்று தெரியும். அதனால் ஆள் அனுப்பினான்.

வந்தவள் பேர் மார்லீன். கையில் புளூபெரி கேக்.

"என் பொண்ணுக்குங்க. பதினாலு வயசு. குதிரைன்னா உயிரை விடுவா. சவாரி பழகணும்னு ஒரே அடம்."

"இவன் முதுகுல யாரும் ஏறினதில்லையே."

"மெதுவா பழக்கிக்கலாம். சாதுவாத்தானே இருக்கான்."

லூசிலுக்கு அவளைப் பிடித்துக்கூடப் போயிற்று. ஸ்பட்டின் கழுத்தில் பிரஷ் போட்டுக்கொண்டே குளிர்காலக் கொட்டகை, தண்ணீர், வேலி எல்லாம் விசாரித்தாள். மார்லீன் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். தோள் உயரம் கேட்டாள். எடை கேட்டாள். பிறகு, ஒப்பித்து வந்த பாடத்தில் ஒரு வரி மறந்து நினைவுக்கு வந்ததுபோல், "ஜோடியில கட்டினா எந்தப் பக்கம் நடப்பான்?" என்றாள்.

பிரஷ் நின்றது. சவாரி செய்கிறவர்கள் ஆயிரம் கேட்பார்கள், இதைக் கேட்கமாட்டார்கள். ஜோடி ஓட்டுகிறவன்தான் முதலில் இதைக் கேட்பான். ஒரு பக்கம் பழகிய குதிரையை மறுபக்கம் கட்டினால் சிலது முரண்டு பிடிக்கும், சிலது நடக்கவே நடக்காது. டியூக் இடது பக்கத்தான். அப்படியானால் டெல்பர்ட்டுக்குத் தேவை ஒரு வலது பக்கத்தான்.

ஸ்பட் வலது பக்கத்தான். லாடக்காரர் ஹாலிஸ் வசந்தகாலத்தில் தன் கிழட்டுக் குதிரையைப் பத்து நாள் கொண்டுவந்து நிறுத்தி, இவனை அதன் வலப்பக்கம் கட்டிப் பழக்கிக் கொடுத்திருந்தார். அது லூசிலுக்கும் ஹாலிஸுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

"இடது பக்கம்" என்றாள் லூசில். மறுபடி பிரஷ் போட ஆரம்பித்தாள். "வலது பக்கம் கட்டிப் பாத்தேன். படுத்துட்டான். அப்படியே அவங்கம்மா புத்தி."

அந்தக் கடைசி வரியில்தான் ஆணி இருந்தது. ஒரு வருடம் டெல்பர்ட் மின்னியை இரவல் வாங்கித் திருவிழா மைதானத்தில் வலது பக்கம் கட்டினான். ஊரே பார்க்க மின்னி மண்ணில் படுத்துக்கொண்டாள். வாரைப் பிடித்தபடி டெல்பர்ட் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்றான். யாரோ அவனுக்குத் தலையணை வேண்டுமா என்று கேட்டார்கள். இன்றுவரை கேட்கிறார்கள். மின்னி ரத்தம் என்றால் டெல்பர்ட் எதையும் நம்புவான்.

மார்லீன் முகம் தொங்கிப்போயிற்று. சீக்கிரமே கிளம்பினாள். கேக் நன்றாக இருந்தது. லூசில் மூன்று துண்டு தின்றாள்.

பத்து நாள் அவளுக்குத் தூக்கம் இனித்தது. டெல்பர்ட் சிடுசிடுவென்று இருக்கிறான், தெற்கே ஒரு பண்ணையில் புது ஜோடி பார்க்கிறான் என்று தீவனக் கடையில் பேச்சு. அவனுக்குக் கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஹாலிஸ் குளம்பு சீவ வந்தார். எழுபது வயது மனிதர், வளைந்த முதுகோடு ஸ்பட்டின் பின்னங்காலைத் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

"டெல்பர்ட் கிட்ட இவன் இடது பக்கத்தான்னு சொன்னியா?"

"அவன்கிட்ட சொல்லல. அவன் அனுப்பின பொம்பளைகிட்ட சொன்னேன்."

"நல்லா சொன்ன போ. நானும் கேட்டுச் சிரிச்சேன். நேத்திக்கு அவன் புது ஜோடி வாங்கிட்டான்."

"வாங்கட்டும். ரிப்பனை எப்படி வாங்கறான்னு பாக்கறேன்."

"நான் சொல்ல வந்தது அது இல்ல, லூசில்." ஹாலிஸ் சீவும் கத்தியை நிறுத்தினார். "கொட்டகையில மூணு குதிரைக்கு இடமில்லையாம். ஒண்டிக் குதிரை தெண்டத்தீனியாம். வியாழக்கிழமை லாரி வருது. டியூக்கை ஏத்தறான்."

லூசில் பக்கத்திலிருந்த தீவனப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். டெல்பர்ட் எப்படிப்பட்டவன் என்று இந்த ஊரில் அவளைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. பயனில்லாததை அவன் என்ன செய்வான் என்பதை அவள் பட்டுத் தெரிந்தவள். அப்படியிருந்தும் மின்னியின் மூத்த பிள்ளையைப் பயனில்லாதவனாக்கி அவன் கையிலேயே விட்டிருந்தாள். குழி வெட்டும்போது யார் நிற்கிற இடத்தில் வெட்டுகிறோம் என்று பார்க்கவில்லை.

"நான் போய் வாங்கறேன்."

"உனக்கா? நீ கேட்டா, உனக்குக் கொடுக்கக் கூடாதுங்கறதுக்காகவே நாளைக்கே ஏத்திருவான்."

"நீங்க கேளுங்க."

"நான் உன் வீட்டுக் காபி குடிக்கறது ஊருக்கே தெரியும்." ஹாலிஸ் அடுத்த காலைத் தூக்கினார். "ஜோடி வேணும்னு ஒருத்தி வந்தாளே. நீகூடத் திட்டுனியே."

இடுப்பு வலியோடு ஒன்றரை மணி நேரம் பிக்கப் ஓட்டி அவள் ரீனெட்டின் காட்டுக்குப் போனாள். ரீனெட் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். லூசில் மின்னியின் கதையிலிருந்து மார்லீன் கேக் வரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ரீனெட் சங்கிலியைக் கீழே போட்டாள்.

"அப்ப உங்க பழிவாங்கலுக்கு நான் சாட்டையா?"

"ஆமா" என்றாள் லூசில். "ஆனா உனக்கு ஜோடி கிடைக்கும். ஸ்பட்டை நீ சும்மாவே கூட்டிட்டுப் போ. டியூக்கை மட்டும் அவன்கிட்டருந்து வாங்கு."

"நான் பொய் சொல்லமாட்டேன். எதுக்குன்னு கேட்டா உண்மையைச் சொல்லிருவேன்."

"அவன் கேக்கமாட்டான். எதிர்ல நிக்கறவ ஏமாளின்னு நினைச்சுட்டா அவன் எதையும் கேக்கமாட்டான்."

"கேட்டா?"

"கேட்டா சொல்லிரு. நானும் அதுக்கு மேல என்ன பண்ண முடியும்."

ரீனெட் சங்கிலியை மறுபடி கையில் எடுத்தாள். "இன்னொண்ணு. இந்த ரெண்டையும் நான் வேலைக்கு வச்சுக்கறேன். உங்க சண்டைக்கு இல்ல. திருவிழாவுல ஒரு நாள், ஊர்வலத்துல ஒரு சுத்து. அவ்வளவுதான் உங்களுக்கு."

"ஒரு சுத்து போதும்."

புதன்கிழமை காலையிலிருந்து லூசில் சன்னலை விட்டு நகரவில்லை. டெல்பர்ட்டின் களத்தில் ரீனெட்டின் டிரெய்லர் நிற்பது தெரிந்தது. அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. ரீனெட்டின் நேர்மையை அவள் மனதாரச் சபித்தாள். இந்தக் காலத்தில் இப்படி ஒருத்தியைத் தேடிப் போய்ப் பிடித்தோமே என்று தன்னையும் திட்டிக்கொண்டாள். அப்புறம் டிரெய்லர் கிளம்பி, சாலைக்கு வந்து, நேரே தெற்கே போய்விட்டது.

இருபது நிமிஷம் கழித்து அதே டிரெய்லர் பின்பக்கத்து வயல் பாதை வழியாக அவள் களத்துக்கு வந்து நின்றது. உள்ளேயிருந்து சாம்பல் நிறத் தலையொன்று எட்டிப் பார்த்தது.

"எதுக்குன்னு கேட்டானா?"

"கேக்கல. இறைச்சி லாரி தர்ற விலைக்கு மேல கொஞ்சம் சொன்னேன், உடனே கயித்தைக் கையில கொடுத்துட்டான்." ரீனெட் கதவைத் திறந்தாள். "மீதி நேரமெல்லாம் பேச்சுதான். ஒண்டிக் குதிரையை இந்த விலைக்கு வாங்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்னு சிரிச்சான். இவனுக்கு இந்த மாவட்டத்துலயே ஜோடி கிடையாதுன்னு சொன்னான். ஒண்ணுதான் இருக்கு, அதுவும் இடது பக்கத்தானாம், வலது பக்கம் கட்டினா படுத்துருமாம். நான் வாயைத் திறக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

டியூக் இறங்கினான். ஸ்பட் வேலியோரம் வந்து நின்றான். இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து மூச்சு விட்டன, ஒன்று கத்தியது, மற்றது காலால் மண்ணைத் தட்டியது. ஸ்பட் பிறந்ததிலிருந்து ஒன்றையொன்று வேலிக்கு மேல் பார்த்தவைதான், சேர்ந்து நின்றதில்லை. டியூக்கின் தோளில் கழுத்துப்பட்டை உரசி ஆறாத புண் ஒன்று இருந்தது. லூசில் அதைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தோடுதான் வந்தது. மின்னியை இப்படித் தொட்டுப் பார்க்காமல் போனோமே என்றுதான் அழுதாள்.

புண் ஆறும்வரை டியூக்குக்கு ஓய்வு. பிறகு ரீனெட் இரண்டையும் தினம் காட்டுக்குக் கொண்டுபோனாள். ஸ்பட் முதல் வாரம் அண்ணனைப் பார்த்துப் பார்த்து நடந்தான். ஒரு தடவை சங்கிலி சத்தத்துக்கு மிரண்டு குறுக்கே பாய்ந்தான், டியூக் நின்ற இடத்தில் மலை மாதிரி நின்று அவனை நிறுத்தினான். படிப்பில் மீதியிருந்த பாதியை அண்ணனே சொல்லிக்கொடுத்தான் என்று ரீனெட் போனில் சொன்னாள். ஸ்பட் ஒரு நாளும் படுக்கவில்லை.

ஆகஸ்ட் திருவிழாவில் இழுவைப் போட்டிக்கு முன்னால் ஜோடிகளின் ஊர்வலம். பீன்ஸும் சிவப்புத் தொத்திறைச்சியும் வேகும் வாசம், தட்டிப் பந்தலெல்லாம் கூட்டம். ஹாலிஸ் லூசிலை இடுப்பைப் பிடித்துத் தூக்கி வண்டியின் இருக்கையில் உட்கார வைத்தார். "பாத்து. இன்னிக்குச் சந்தோஷத்துல விழுந்து இன்னொரு மூட்டையும் உடைச்சுக்காதே" என்றார். பக்கத்தில் ரீனெட் வாரைப் பிடித்திருந்தாள். முன்னால் டியூக் இடது, ஸ்பட் வலது. குளிப்பாட்டி, வால் பின்னி, பிடரியில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். நாலு காதும் ஒரே நேரத்தில் முன்னால் திரும்பின. எட்டுக் காலும் ஒரே அளவில் விழுந்தன. பந்தலில் பேச்சு அடங்கியது. குதிரை தெரிந்த ஊர், ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.

டெல்பர்ட் கம்பித் தடுப்பின் ஓரமாகத் தன் புது ஜோடியோடு முறைக்குக் காத்திருந்தான். முதலில் நடையைத்தான் பார்த்தான், ரசித்துப் பார்த்தான். பிறகு டியூக்கை அடையாளம் தெரிந்தது. பிறகு வலது பக்கத்தில் நடப்பது யார் என்று தெரிந்தது. அப்புறம்தான் வண்டியில் யார் உட்கார்ந்திருக்கிறாள் என்று நிமிர்ந்தான்.

"நிறுத்தும்மா" என்றாள் லூசில். ரீனெட்டுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் நிறுத்தினாள்.

"டியூக்கு இவகிட்ட எப்படி..." என்று ஆரம்பித்த டெல்பர்ட் ரீனெட்டைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினான். கை ஸ்பட்டைக் காட்டியது. "இவன் வலது பக்கம் படுத்துருவான்னு சொன்னியே."

"மின்னி நல்லா இருக்கான்னு நீ சொன்னியே."

பந்தலின் முதல் வரிசையில் இருந்தவர்களுக்கு அது கேட்டது. கேட்காதவர்களுக்குக் கேட்டவர்கள் சொன்னார்கள். டெல்பர்ட்டின் கழுத்தில் சிவப்பு ஏறியது. அவன் குரலைத் தாழ்த்தினான்.

"சாகக் கிடக்கறவன் கேக்கறான். வேற என்ன சொல்றது? அவன் நிம்மதியாப் போகட்டும்னுதான்."

மூன்றரை வருடமாக அவள் இதற்குப் பதில் யோசித்து வைத்திருந்தாள். கொட்டகையில், அடுப்பங்கரையில், கோவிலில் மண்டியிட்டபடி, ஒவ்வொன்றும் நீளமான பதில். அத்தனையும் இப்போது தேவையில்லாமல் போய்விட்டது.

"அர்மான்ட் உன்கிட்ட கேக்கல, டெல்பர்ட். நான் கேட்டேன். போன்ல உன்கிட்ட கேட்டது நான்."

பின்னால் யாரோ, "டெல்பர்ட்டுக்கு ஒரு தலையணை கொண்டாங்கப்பா" என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை, சொன்னவனே தலையைக் குனிந்துகொண்டான். புது ஜோடியில் ஒன்று காலை மாற்றி வைத்தது. அதைப் பிடிக்கவேண்டும் என்றுகூட டெல்பர்ட்டுக்குத் தோன்றவில்லை.

"மின்னி பசங்க ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றாள் லூசில். "இது பொய்யில்ல. நீயே பாத்துக்க."

ரீனெட் நாக்கைச் சொடுக்கினாள். வண்டி நகர்ந்தது. திரும்பிப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்துதான் லூசில் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தாள். இடுப்பு வலிக்க வலிக்கத் திரும்பி, மைதானத்தின் வளைவு வரும்வரை அவனைப் பார்த்துக்கொண்டே போனாள்.